அமெரிக்கா பார்சல்கள் ஏன் இன்னும் கடையிலேயே இருக்கின்றன?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு நீங்கள் கொடுத்த அமெரிக்கா பார்சல்களில் 37 இன்னும் எங்கள் ஊறுகாய்க் கடையின் பின்கட்டில்தான் இருக்கின்றன. பெட்டி கட்டி, டேப் ஒட்டி, முகவரி எழுதி எல்லாம் தயார். ஆனாலும் வியாழக்கிழமை வந்த கூரியர் வண்டியில் ஏற்றவில்லை, வேண்டுமென்றேதான். "காசு வாங்கியாச்சு, ஏன் அனுப்பலை?" என்று இரண்டு நாளாகப் போன் வந்துகொண்டே இருக்கிறது. கேட்பது நியாயம்தான். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் இந்த மடல்.

இந்தச் சனி, ஞாயிறில் டெக்சாஸில் தொடங்கி டென்னசி, ஜார்ஜியா வழியாகக் கரோலினா வரை ஐஸ் புயல் வரப்போகிறது, அது போன பின்னாலும் பல நாள் கடுங்குளிர் இருக்கும் என்று அங்கே எச்சரித்திருக்கிறார்கள். நம் பெட்டிகளில் பாதிக்கு மேல் டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, சார்லட் முகவரிகள்.

"பனிதானே சார், அமெரிக்காவில் வருஷா வருஷம் பெய்கிறதே" என்றார் ஒரு பெரியவர். புல் நுனியில் நிற்பது, வடக்கே பஞ்சாக விழுவது, எல்லாவற்றையும் பனி என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டு மஃப்ளர் கட்டுகிற ஊர் இது. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை.

பஞ்சாக விழுகிற பனியை இயந்திரம் வைத்துத் தள்ளிவிடலாம். ஐஸ் புயலில் விழுவது மழை. மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு அடுக்காக நிற்கும், தரையை ஒட்டிய காற்று பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மேலே உருகி இறங்குகிற துளிக்கு வழியில் உறைய நேரம் கிடைக்காது. தண்ணீராகவே வந்து, தொட்ட இடத்தில் ஐஸாகிவிடும். ரோடு, மரக்கிளை, படிக்கட்டு, கார், மின்கம்பி எல்லாவற்றுக்கும் கண்ணாடி போர்த்தியதுபோல. விரல் தடிமன் கம்பியைச் சுற்றி அரை அங்குல ஐஸ் படிந்தால் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடும். அப்புறம் கம்பம் எப்படி நிற்கும்? 1998 ஜனவரியில் கனடாவின் மாண்ட்ரியல் பக்கம் இந்த மழை விட்டுவிட்டுப் பல நாள் பெய்ததில் உயர் மின்கோபுரங்களே நூற்றுக்கணக்கில் சாய்ந்தன. சில இடங்களில் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

2016 டிசம்பரில் வர்தா வந்தபோது நமக்கும் மரம் விழுந்தது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் மறுநாளே வெயில் வந்தது, ரோட்டில் இறங்கிக் கிளையை வெட்ட முடிந்தது. அங்கே புயலுக்குப் பின்னால் குளிர் வருவதுதான் கொடுமை. விழுந்த ஐஸ் உருகாது, ஆள் நடமாட முடியாது, ஹீட்டரும் ஓடாது.

எங்களுக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் ஏறக்குறைய 45 லட்சம் வீடுகளில் கரண்ட் போனதே, அந்த வாரம் எங்கள் பெட்டிகள் 14 டாலஸ் பக்கம் ஏதோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டன. அந்த ஊரில் மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. ஆவக்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. உப்பும் நல்லெண்ணெயும் காப்பாற்றிவிட்டன. போனது புளிக்காய்ச்சல். அதில் தண்ணீர்ச் சத்து அதிகம். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் போல உப்பும், கண்ணாடி பாட்டில் அதற்கு இடம் கொடுக்காது. விரிசல் விட்ட பாட்டில்கள் உருகியதும் பெட்டி முழுக்கப் புளி. முறுக்கு, தேன்குழல், கூடவே யாரோ வைத்து அனுப்பிய குழந்தையின் பட்டுப்பாவாடை வரை எல்லாம் ஒரே நிறம். அந்தப் பாவாடைக்குப் பணம் கொடுத்தோம். பாட்டி தைத்தது என்று பிறகு தெரிந்தது, அதற்கு என்ன கொடுப்பது? கூரியரிடம் கேட்டால் இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். அன்றிலிருந்து புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு இரண்டையும் குளிர்காலத்தில் பிளாஸ்டிக் டப்பாவில், மேலே இடம் விட்டுத்தான் அடைக்கிறோம்.

சரி, கலிபோர்னியாவில் வெயிலடிக்கிறதே, என் பையன் பார்சலை ஏன் பிடித்து வைத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு: பெட்டி நேராக உங்கள் பையன் வீட்டு வாசலுக்குப் பறந்து போவதில்லை. அமெரிக்காவின் இரண்டு பெரிய கூரியர் நிறுவனங்களின் முக்கிய விமானச் சரக்கு மையங்கள் டென்னசியின் மெம்ஃபிஸிலும் அதை ஒட்டிய கென்டக்கியின் லூயிவில்லிலும் இருக்கின்றன. அங்கே ஓடுபாதை ஐஸானால் வெயில் ஊருக்குப் போகிற பெட்டியும் அங்கேயே கிடக்கும். அங்கே கிடப்பதற்கு எங்கள் பின்கட்டில் கிடக்கட்டும். இங்கே எலி கூட வராது, பூனை வளர்க்கிறோம்.

ஆகவே அடுத்த வாரம் முழுக்க அமெரிக்காவுக்கு எதையும் அனுப்பப் போவதில்லை. அதற்கடுத்த திங்கள்கிழமை அங்கே நிலவரம் பார்த்து, வண்டியைக் கூப்பிடுவோம். தேங்காய்ப் பொடியையும் பருப்புத் தேங்காயையும் அன்று புதிதாகச் செய்து மாற்றி வைக்கிறோம், அதற்குக் காசு வேண்டாம். காத்திருக்க முடியாதவர்கள் கடைக்கு வந்தால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம், கூரியர் கட்டணம் உட்பட. அந்தப் பக்கம் விமானம் ஏறுகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் பெட்டியாகவே வாங்கிக்கொண்டும் போகலாம்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் ஒரு விஷயம். வாசலில் குளிரில் கிடந்த பெட்டியை உள்ளே எடுத்துவந்து ஆசையாக உடனே பிரித்தால் சூடான வீட்டுக் காற்றின் ஈரம் சில்லென்ற முறுக்கின் மேல் முத்து முத்தாகப் படியும். பத்து நிமிஷத்தில் நமுத்துவிடும். பாக்கெட்டைப் பிரிக்காமல் ஒரு ராத்திரி வீட்டுக்குள் வைத்துவிட்டு மறுநாள் பிரிக்கச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெய் கல்லாக இருக்கும், அது 24 டிகிரிக்குக் கீழே எங்கேயும் அப்படித்தான். உறைந்த பாட்டிலை வெந்நீரில் மட்டும் வைக்க வேண்டாம், கண்ணாடி படீரென்று விடும்.

வெள்ளி ராத்திரிக்குள் பிள்ளைகளுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். ஹூஸ்டன் போன்ற ஊர்களில் பல வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ வைக்கவே கூடாது. கதவடைத்த வீட்டில் அந்தப் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2021-லும் இதனால் உயிர்கள் போயின. முன்பு வாங்கிய அவலும் பருப்புப்பொடியும் மிச்சமிருந்தால் அடுப்பில்லாமல் இரண்டு நாள் ஓட்டலாம்.

இன்னொன்று, மூன்று பெட்டிகளில் அபார்ட்மென்ட் எண் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு சார்லட், ஒன்று நியூ ஜெர்சி. உங்களுடையதாக இருந்தால் கடைக்குச் சொல்லிவிடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் போன் எடுக்க மாட்டோம், அது வடாம் காயப்போடும் நேரம்.

இப்படிக்கு,
மயிலாப்பூர் மாட வீதி ஊறுகாய்க் கடையிலிருந்து