உங்கள் கட்சி ஆளும்போது கேளுங்கள்: அமெரிக்கத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஏதோ ஒரு கட்சியின் பக்கம் உறுதியாக நிற்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். நான் டெமாக்ரட் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருப்பவள். இந்த மடலில் என் கட்சியைப் பற்றித்தான் அதிகம் குறை சொல்லியிருக்கிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாம் கூடும் இடங்களில் ஈரான் பேச்சு வந்தால் அது எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். "1953-ல் மொசாதேக்கைக் கவிழ்த்தது யார்? ஐசன்ஹோவர், ரிபப்ளிக்கன்!" என்பார் ஒருவர். "ஷாவைக் கைவிட்டு நாட்டை மதகுரு கொமேனியிடம் கொடுத்தது கார்ட்டர், டெமாக்ரட்!" என்று மறுகுரல் வரும். முதலாமவர் சொல்வது வரலாறு. ஈரான் பிரதமர் மொசாதேக்கைக் கவிழ்க்க முந்தைய அதிபர் ட்ரூமன் இணங்கவில்லை, அடுத்து வந்த ஐசன்ஹோவர் ஒப்புதல் கொடுத்தார். ஆனால் மனித உரிமைதான் தன் வெளியுறவுக் கொள்கைக்கு அடிப்படை என்று அறிவித்த கார்ட்டரும், 1977 டிசம்பர் 31 இரவு தெஹ்ரான் விருந்தில் எழுந்து நின்று, கொந்தளிப்பான வட்டாரத்தில் ஈரான் ஸ்திரத்தன்மையின் தீவு என்று மன்னர் ஷாவைப் புகழ்ந்தார். பத்து நாளுக்குள் கோம் நகரில் போராட்டக்காரர்கள் சுடப்பட்டார்கள். 1979 ஜனவரியில் ஷா நாட்டை விட்டே போனார். ஷாவின் சாவாக் உளவுப்படையை உருவாக்க உதவியது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அந்தப் படையிடம் வதைபட்ட ஈரானியருக்கு, அப்போது வாஷிங்டனில் ஆண்டது ரிபப்ளிக்கனின் யானைச் சின்னமா டெமாக்ரட்டின் கழுதைச் சின்னமா என்பது எந்த வகையில் ஆறுதல்?

எதிர்க்கட்சியில் இருக்கும்போது சர்வாதிகாரியைக் கண்டிப்பதற்குச் செலவே கிடையாது. தன் கட்சி ஆளும்போது கண்டிப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

எகிப்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் இஸ்ரேலுடன் சமாதான ஒப்பந்தம் செய்ததிலிருந்து எகிப்து ராணுவத்துக்கு அமெரிக்கப் பணம் போகிறது. பல பத்தாண்டுகளாக அது ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர். 2013 ஜூலையில் ஜெனரல் சிசி, தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் மோர்சியைப் பதவியிலிருந்து இறக்கினார். ராணுவப் புரட்சி நடந்த நாட்டுக்கு உதவி கூடாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. ஒபாமா அரசு என்ன செய்தது? நடந்தது ராணுவப் புரட்சியா இல்லையா என்று தீர்மானிக்கும் கட்டாயம் தங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் ஒரே நாளில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு கணக்கெடுத்தது. அதன் பிறகு எஃப்-16 விமானங்களும் டாங்கி உதிரிகளும் நிறுத்திவைக்கப்பட்டன. 2015 மார்ச்சில் அந்தத் தடையும் நீக்கப்பட்டது.

அடுத்து வந்த ட்ரம்ப், சிசியைத் தனக்குப் பிடித்த சர்வாதிகாரி என்று குறிப்பிட்டதாக 2019-ல் செய்தி வந்தது. பைடன் அதைப் பிடித்துக்கொண்டார். ட்ரம்ப்புக்குப் பிடித்த சர்வாதிகாரிக்கு இனி வெற்றுக் காசோலை கிடையாது என்று 2020 ஜூலையில் எழுதினார். நானும் கைதட்டிய கூட்டத்தில்தான் இருந்தேன். பைடன் ஆட்சியின் முதல் ஆண்டுகளில் தொகையில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் மனித உரிமை நிபந்தனைக்கு உட்பட்ட 32 கோடி டாலரையும் சேர்த்து, மொத்த 130 கோடியும் 2024 செப்டம்பரில் விடுவிக்கப்பட்டது. காசாப் போர்நிறுத்தப் பேச்சில் எகிப்தின் உதவி வேண்டியிருந்தது என்பது காரணம். காரணம் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அதே கோடையில் எங்கள் மாநிலத்தில் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். செனட் வெளியுறவுக் குழுவின் தலைவராக இருந்த பாப் மெனெண்டஸ் நியூ ஜெர்சிக்காரர், டெமாக்ரட். எகிப்துக்கு ஆயுதம் போவதைத் தடுத்து நிறுத்தும் செல்வாக்கு உள்ள நாற்காலி அது. அதில் உட்கார்ந்துகொண்டு, தங்கக் கட்டியும் ரொக்கமும் லஞ்சமாக வாங்கி எகிப்து அரசுக்குச் சாதகமாக நடந்தார் என்று 2024 ஜூலையில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2025 ஜனவரியில் 11 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஜூரியின் தீர்ப்பு வந்த இரண்டே மாதத்தில் முழுத்தொகையும் எகிப்துக்குப் போகிறது. நம் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் இதைப் பற்றி வாய் திறந்தோம்?

இந்தப் பணம் போகும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் பெரும்பகுதி அமெரிக்க எல்லையைத் தாண்டுவதே இல்லை. எகிப்தின் பெயரில் ஒதுக்கப்பட்டு, அமெரிக்க ஆயுத நிறுவனங்களுக்கே திரும்பிவிடும். எகிப்தில் பாகம் சேர்த்து உருவாக்கப்படும் ஏப்ரம்ஸ் டாங்கிகளின் பாகங்கள் ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரத் தொழிற்சாலையிலிருந்து போனவை. தன் ஊர்க்காரர் வேலையைக் கெடுத்தான் என்ற பெயரை எந்தக் கட்சி உறுப்பினர் விரும்புவார்? கட்சிகள் மாறி மாறி வந்தும் கொள்கை மாறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

சவூதி கதையும் இதே தடம். ஏமனில் சவூதி நடத்திய போருக்கு அமெரிக்க உதவி 2015-ல் ஒபாமா காலத்தில் தொடங்கியது. அதை நிறுத்த காங்கிரஸ் இரு அவைகளிலும் நிறைவேற்றிய தீர்மானத்தை 2019 ஏப்ரலில் ட்ரம்ப் தன் அதிகாரத்தால் தடுத்து வீட்டோ செய்தார். சவூதிப் பத்திரிகையாளர் கஷோகி கொலைக்காக சவூதியை ஒதுக்கிவைப்பேன் என்ற பைடன், 2022 ஜூலையில் ஜெத்தாவுக்குப் போய்ப் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானுடன் முஷ்டி தட்டிக்கொண்டார்.

அப்படியானால் எதுவும் மாறாதா? மாறியிருக்கிறது. அது எப்படி மாறியது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1986 பிப்ரவரி 7, பிலிப்பைன்ஸ் தேர்தல். அந்நாட்டு அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்த 1972-லிருந்து நிக்சன், ஃபோர்ட், கார்ட்டர், ரீகன் என நால்வருமே அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள்தான். மணிலாவில் வாக்கு எண்ணும் மையத்தில் கணினி இயக்கியவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், தங்கள் திரையில் இருந்த எண்ணும் பலகையில் ஏறிய எண்ணும் வேறாக இருப்பதைப் பார்த்து எழுந்து வெளியே நடந்தார்கள். உயிருக்கு உத்தரவாதம் இல்லாத ஊரில் செய்த காரியம் அது. அமெரிக்கப் பார்வையாளர் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனவர் இந்தியானா செனட்டர் ரிச்சர்ட் லூகர், ரிபப்ளிக்கன். இரு தரப்பிலும் மோசடி நடந்திருக்கலாம் என்று ரீகன் சமாளித்தபோது, மோசடி செய்தது மார்க்கோஸ் தரப்பு என்று தன் கட்சி அதிபரையே மறுத்துப் பேசினார் லூகர். கடைசியில் மார்க்கோஸ் தொலைபேசியில் பிடித்தது ரீகனின் நெருங்கிய நண்பர், செனட்டர் பால் லாக்ஸால்ட்டை. விலகிவிடுங்கள், தயக்கமில்லாமல் விலகிவிடுங்கள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். பிப்ரவரி 25 அன்று மார்க்கோஸ் மாளிகையைக் காலி செய்தார்.

அதே ஆண்டு தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் மீதான பொருளாதாரத் தடைச் சட்டத்தை ரீகன் வீட்டோ செய்தார். பிரதிநிதிகள் சபை 313-83 என்றும், செனட் 78-21 என்றும் வாக்களித்து அந்த வீட்டோவைத் தூக்கி எறிந்தன. செனட்டின் 78 பேரில் 31 பேர் ரீகனின் கட்சிக்காரர்கள். முன்னின்றவர் அதே லூகர். டெமாக்ரட்டுகள் மட்டும் கத்தியிருந்தால் அந்தச் சட்டம் வந்திருக்காது.

உலகத்தில் நல்லவர்களோடு மட்டுமா உறவு வைக்க முடியும் என்று சிலர் கேட்பீர்கள். முடியாதுதான். ஹிட்லரை வீழ்த்த ரூஸ்வெல்ட் ஸ்டாலினோடு கைகோக்க வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தை தேவை, தூதரகம் தேவை. ஆனால் சொந்த மக்களைச் சுடும் படைக்கு ஆண்டுதோறும் ஆயுதம் கொடுப்பதும், விருந்தில் புகழ்பாடுவதும் அந்தத் தேவைக்குள் வராது. நம்மிடையே உள்ள ஈழத்தமிழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜெனீவாவில் இலங்கை மீதான 2012 தீர்மானத்தை அமெரிக்கா கொண்டுவந்தது ஒபாமா ஆட்சியில். இலங்கை ராணுவத் தளபதி சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் நுழையத் தடை வந்தது 2020-ல், ட்ரம்ப் ஆட்சியில். எந்தக் கட்சி வந்தாலும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள் அவர்கள்.

இப்போது வெள்ளை மாளிகை ரிபப்ளிக்கன் கையில். 2025 மே மாதம் ரியாத்தில் ஏறத்தாழ 14,200 கோடி டாலர் ஆயுத விற்பனைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆகவே இந்த முறை ரிபப்ளிக்கன் நண்பர்கள்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும். செனட்டர் அலுவலகத்தில் எடுப்பவர் உங்கள் பின்கோடைக் கேட்டு, எந்த விஷயம் என்று குறித்துக்கொள்வார். இரண்டு நிமிட வேலை. "நான் உங்களுக்கு வாக்களித்தவன். ஆயுத விற்பனைக்கு மனித உரிமை நிபந்தனை உண்டா? எகிப்து நிபந்தனைத் தொகையில் உங்கள் நிலை என்ன?" என்று கேளுங்கள். நான் கேட்டால் எதிர்க்கட்சிக்காரி என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்களை ஒதுக்க முடியாது.

டெமாக்ரட் நண்பர்களே, 2024 செப்டம்பர் முடிவுக்கு நம் செனட்டர்கள் நமக்கு இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது அதை முதல் கேள்வியாகக் கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்