ஐஸ்கிரீம் போர்டில் ஆர்க்கிட் பூப்படம் போடும் அண்ணன்மாருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் விசேஷ வீடுகளுக்குச் சமையல் காண்டிராக்ட் எடுக்கும் அண்ணன்மாருக்கும், ஐஸ்கிரீம் கடை, பேக்கரி நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு மணிவிழாவுக்கு வந்த கொட்டேஷனில் 'ஒரிஜினல் வெனிலா' என்று தனி வரி போட்டு இலைக்குக் கூடுதல் காசு கேட்டிருந்தார்கள். யாரென்று சொல்லப்போவதில்லை. விசேஷத்தன்று பின்கட்டில் போய்ப் பார்த்தால் எசன்ஸ் பாட்டில், லேபிளில் 'செயற்கை' என்று தெளிவாகவே இருக்கிறது.

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும், அதற்குள் கையாலேயே மகரந்தம் சேர்க்கவேண்டும். அந்த முறையை 1841-ல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். பச்சைக் காயில் வாசனையே இருக்காது. வெந்நீரில் முக்கி, போர்த்தி வேர்க்கவிட்டு, வெயிலில் போட்டு எடுத்து, மாதக்கணக்கில் பக்குவம் பண்ணினால்தான் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் வெனிலின் என்ற வாசனைப் பொருள் பிரிந்து வரும், அப்போதும் காய்ந்த காயின் எடையில் சுமார் 2 சதவீதம்தான் தேறும். குங்குமப்பூவுக்கு அடுத்த விலை விற்பது சும்மா இல்லை.

பாட்டிலில் இருப்பதும் அதே வெனிலின்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. 1874-லேயே ஜெர்மனியில் டீமன், ஹார்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பைன் மரத்துப் பொருளிலிருந்து அதைச் செய்துவிட்டார்கள், இப்போது பெரும்பாலும் பெட்ரோலிய வழி. காயில் இன்னும் எத்தனையோ வாசனைப் பொருள்கள் சேர்ந்திருக்கும், ஐஸ்கிரீமில் அது நாக்குக்குத் தெரியும். அடுப்பில் வேகும் கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் எசன்ஸே தாராளம் என்பது என் கட்சி, திட்டுவதானால் திட்டுங்கள்.

அப்புறம் ஐஸ்கிரீமில் தெரியும் கறுப்புப் புள்ளியைக் காட்டி, காய் போட்டது என்று ஏமாற்றாதீர்கள். சாறு இறக்கிய சக்கையை அரைத்துத் தூவினாலும் புள்ளி வரும்.

மிஷின் டைல்ஸை, கையால் செய்யும் நம்மூர் ஆத்தங்குடிக் கல் என்று யாராவது விற்றால் நாம் விடுவோமா?

எசன்ஸ் போட்டால் எசன்ஸ் விலை வாங்குங்கள், பூப்படத்தை எடுத்துவிடுங்கள். காய்தான் போடுகிறீர்கள் என்றால் சந்தோஷம், கேட்கிறவர்களுக்குக் காய் வாங்கிய பில்லைக் காட்டுங்கள். ஆவணியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வருகிறது; கொட்டேஷனில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு அனுப்புங்கள், அநேகமாக எசன்ஸ் ஐஸ்கிரீமையே எடுத்துக்கொள்வோம்.