பக்கத்து இருக்கை: டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்தும் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். 2016-இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். கூகுளிலும் மெட்டாவிலும் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) கிளையண்ட்டுகளின் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போது ஆறு பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பொறுப்பு. "அடுத்த மாதத்திலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் எல்லோரும் ஆபீஸ் வர வேண்டும்" என்ற மெயில் எங்களுக்கும் வந்துவிட்டது. அதை எதிர்ப்பது மட்டுமே என் நோக்கம் என்றால் நான்கு வரியில் முடித்திருப்பேன். ஆபீஸால் நான் அடைந்தது அதிகம். அதனால்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன ஏஜென்சியில் சேர்ந்தபோது என் கையில் மூன்று மாத கோர்ஸ் சான்றிதழ் ஒன்று இருந்தது. முதலில் கொடுத்த கணக்கு தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனையுடையது. கிளிக் வந்துகொண்டே இருந்தது, நோயாளிகள் வரவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா தன் வேலையை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். மக்கள் உண்மையில் எதைத் தேடி எங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பல் மருத்துவப் படிப்புக்கு எவ்வளவு கட்டணம். பல் மருத்துவமனையில் வேலை காலி இருக்கிறதா. பல்வலி என்று தேடியவர்கள் அந்தப் பட்டியலில் பாதிகூட இல்லை. "டாக்டரோட காசு எங்கெல்லாம் போகுது பாரும்மா" என்றார். பிறகு இருப்பிட அமைப்பைக் காட்டினார். தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் விளம்பரம் போகிறது என்று நான் நம்பியிருந்தேன். கூகுள் தானாக வைத்திருந்த தேர்வோ, வெளியூரில் இருந்துகொண்டு தாம்பரத்தைப் பற்றித் தேடுபவர்களையும் சேர்த்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிளிக் வந்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். நான் படித்த கோர்ஸில் அது இல்லை. நான் அவரிடம் எதுவும் கேட்கவும் இல்லை, எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியாது. என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து அவராகவே வந்தார். இன்றும் காலையில் நான் முதலில் திறப்பது அந்தத் தேடல் பட்டியலைத்தான்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2021-இல், வேறொரு ஏஜென்சியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என் குழுவில் சேர்ந்தான். முதல் நாளிலிருந்தே வீட்டில் இருந்துதான் வேலை. பணிவானவன், ரிப்போர்ட் ஒருநாளும் தாமதமானதில்லை. வீடியோ மீட்டிங்கில் கேமரா அணைந்தே இருக்கும், கேட்டால் "ஓகே அக்கா, புரிஞ்சுது அக்கா" என்பான். ஏழு மாதம் கழித்து ஒரு கணக்கின் மாற்ற வரலாற்றைத் திறந்து பார்த்தேன். கிளையண்ட் அவசரப்படுத்திய ஒவ்வொரு முறையும் பட்ஜெட்டைக் கூட்டிக் குறைத்து, ஆடியன்ஸை மாற்றி, மறுபடி பழையபடி வைத்து... இப்படியே தினமும். மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைபெற, பெரிய மாற்றம் செய்த பிறகு ஒரு வாரத்தில் சுமார் 50 முடிவுகளாவது, அதாவது விசாரிப்போ வாங்குதலோ, வர வேண்டும். அதுவரை கைவைக்காமல் விட வேண்டும். கைவைத்தால் முதலிலிருந்து தொடங்கும். அவனுடைய விளம்பரங்கள் ஏழு மாதமாக நிலைபெறவே இல்லை. இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டாம் நாளே என் கண்ணில் பட்டிருக்கும். தனக்கு இந்த வேலை வராது என்று எழுதிவிட்டு அடுத்த மாதமே அவன் போய்விட்டான். அவனுக்கு வந்திருக்கும். அந்தக் குறை என்னுடையது, அது இன்றும் மனதில் கிடக்கிறது.

ஆகவே, புதியவர்கள் ஆபீஸ் வர வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் உங்கள் பக்கம். எல்லோரும், ஐந்து நாளும் என்பதில்தான் பிரிகிறேன்.

நம் வேலையின் முடிவுகள் மறைந்து கிடப்பவை அல்ல. ஒரு லீடுக்கு, அதாவது விளம்பரம் பார்த்து விசாரித்த ஒருவருக்கு, எவ்வளவு செலவானது, அந்த லீடில் எத்தனை பேர் போன் எடுத்துப் பேசினார்கள், எத்தனை விற்பனை ஆனது என்று டாஷ்போர்டைத் திறந்தால் தெரியும். கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே எண், கிண்டியில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே எண். (லீடு எண்ணிக்கை மட்டும் பார்த்து ஏமாறவும் செய்யலாம், அது வேறு கதை.) அனுபவம் உள்ளவர் வீட்டில் உழைக்கிறாரா என்று பார்க்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள் தேவையில்லை. மவுஸ் அசைவை அளக்கும் செலவில், கணக்குகளை மாதம் ஒருமுறை உட்கார்ந்து தணிக்கை செய்யலாம்.

ஆய்வுகளும் இருக்கின்றன. சீனாவின் சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் கால் சென்டர் ஊழியர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்யவைத்து பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூம் குழுவினர் ஆராய்ந்தார்கள். 2015-இல் வெளியான முடிவு: வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை வீட்டு வேலைக்காகப் பேசுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரே அளவு திறமை காட்டியவர்களில், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கண்ணில் படாதவர் நினைவில் நிற்பதில்லை. பின்னர் டிரிப்.காம் என்று பெயர் மாறிய அதே நிறுவனத்தில், மார்க்கெட்டிங், மென்பொருள், நிதி போன்ற துறைகளில் இருந்த 1,612 பட்டதாரி ஊழியர்களிடம் மறுபடி ஒரு சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீடு, மீதி நாள் ஆபீஸ். 2024-இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. பெண்களிடமும் தொலைவிலிருந்து வருபவர்களிடமும் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் போனால் புதியவரைத் தேடி, பழக்கி, கிளையண்ட்டைச் சமாதானம் செய்ய எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பெண்கள் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களில், விளம்பரக் கணக்கைத் திறந்த மாத்திரத்தில் நோயைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். குழந்தை பிறந்து திரும்பியதும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று கேட்டார். 2017-இல் பேறுகாலப் பயன் சட்டத்தில் செய்த திருத்தம், 26 வார விடுப்பு முடிந்த பிறகு வேலையின் தன்மை இடம் கொடுத்தால் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி வைத்தது. வேலையின் தன்மை இடம் கொடுக்கும் தொழில் என்று நம் தொழிலைவிட வேறு எதைச் சொல்வது? மறுத்துவிட்டார்கள். காலை ஏழரைக்குக் குழந்தையை அம்மாவிடம் விட்டு, மின்சார ரயிலில் நின்றபடி வந்து, இரவு எட்டு மணிக்குத் திரும்பி, நான்கு மாதம் தாங்கினார். அந்த ஏஜென்சி இழந்தது ஒரு நாற்காலியில் உட்காரும் ஆளை மட்டும் அல்ல.

நாங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யாத ஏஜென்சியும் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் துணிக்கடை விளம்பரங்கள் இரவு பன்னிரண்டு வரை எங்கள் செல்பேசியில்தான் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை கிளையண்ட் கூப்பிட்டு "நேத்து காசு ரெண்டு மடங்கு போயிருக்கே" என்று பதறும்போது, கூகுள் ஒரே நாளில் சராசரி தினசரி பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை எடுக்கலாம், மாதத்துக்கு அதன் 30.4 மடங்கைத் தாண்டாது என்று சமையல் கட்டில் நின்றபடி விளக்குகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நகரம் மூழ்கியபோது, மின்சாரம் இருந்த உறவினர் வீடுகளுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம், கேம்பெயின் எதுவும் நிற்கவில்லை. அப்போதெல்லாம் எங்கள் மேல் இருந்த நம்பிக்கை, சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஐந்து நாள் உத்தரவு வந்த ஆபீஸ்கள் சிலவற்றுக்குப் போய்ப் பார்த்தேன். வருத்தமாக இருந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோர் காதிலும் ஹெட்போன். குழுத் தலைவர் கோயம்புத்தூரில், டிசைனர் வேறு தளத்தில். பத்தடி தூரத்தில் இருப்பவரோடும் வீடியோ அழைப்பில்தான் பேச்சு. ஓஎம்ஆரில் மெட்ரோ பணி நடக்கும் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வந்த 22 வயதுப் பெண்ணுக்கு அந்த இடம் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு ஒரு அக்கா கிடைத்தார், அவளுக்கு வைஃபை மட்டும் கிடைக்கிறது. சில இடங்களில் மூத்தவர்களுக்கு வீடு சலுகை, புதியவர்களுக்கு மட்டும் ஆபீஸ். அப்படியென்றால் பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கற்பார்கள்?

நான் கேட்பது இது. முதல் ஆண்டில் இருப்பவர்கள் வாரத்தில் மூன்று நாள் வரட்டும். அந்த மூன்றில் இரண்டு நாள் அவர்களுக்குப் பொறுப்பான மூத்தவரும் கட்டாயம் வர வேண்டும், என்னையும் சேர்த்து. அந்த இரண்டு நாளும் மூத்தவரின் கிளையண்ட் அழைப்புகளை மதியத்துக்கு மேல் தள்ளி வையுங்கள். காலைப் பொழுது கணக்குகளை ஒன்றாகத் திறந்து வாய்விட்டுப் படிப்பதற்கு. கற்றுக்கொடுக்கும் நேரத்தை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் யாரும் செய்ய மாட்டார்கள். கடை வீடியோ ஷூட்டுக்குப் போகும்போது கணக்குப் பார்க்கும் பிள்ளையையும் கூட்டிப்போங்கள். அங்கே கல்லாவில் நிற்பவரிடம் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியிலிருந்துதான் நல்ல விளம்பர வரி பிறக்கிறது. மற்ற நாட்களை அவரவரிடம் விடுங்கள். வீட்டில் இருப்பதைக் காட்டிச் சம்பளத்தையோ பதவி உயர்வையோ குறைக்காதீர்கள். வீட்டில் தனி அறை இல்லாதவர்களும் தனிமை தாங்காதவர்களும் ஐந்து நாளும் வர விரும்பினால் அவர்களுக்கும் இருக்கை இருக்கட்டும்.

இதே ஏற்பாட்டை என் குழுவில் மூன்று மாதம் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டு எங்கள் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. எந்தப் பதில் வந்தாலும், போன வாரம் சேர்ந்த இரண்டு பிள்ளைகளுக்காகச் செவ்வாயும் வியாழனும் நான் ஆபீஸில் இருப்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவருக்குக் கீழ் வேலை பார்க்கும் ஒருத்தி