விவால்டியைக் கேட்டாயே, சொல்கிறேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள், உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். ரிட்டையர் ஆனபின் பாட்டுக் கேட்பதுதான் எனக்கு முழுநேர வேலை.

பேத்தி வயலின் வகுப்பில் விவால்டியின் ஏ மைனர் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமோ சிலவோ முன்னால் நிற்க, வாத்தியக் குழு கூடவே வாசிக்கும் இசை) வாசிக்கிறாள், யார் இந்த ஆள் என்று கேட்டிருந்தாய். என்னிடம் கேட்டுவிட்டாய் அல்லவா, இனி முழுதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

அந்தோனியோ விவால்டி 1678இல் இத்தாலியின் வெனிஸில் பிறந்த இசையமைப்பாளர், வயலின் கலைஞர். அப்பா முதலில் முடிதிருத்துபவர், அப்புறம் செயின்ட் மார்க் தேவாலயத்தில் வயலின் கலைஞர். மகன் 1703இல் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். செம்பட்டைத் தலை, அதனால் ஊரில் 'சிவப்புப் பாதிரியார்' என்றே பெயர். நெஞ்சு இறுக்கம் என்று காரணம் சொல்லித் திருப்பலி நிறைவேற்றுவதைச் சீக்கிரமே விட்டுவிட்டார். ஆனால் ஊர் ஊராகப் போய் ஓபரா என்ற இசைநாடகம் நடத்த அந்த நெஞ்சு இடம் கொடுத்தது!

அதே 1703இல் பியத்தா என்ற அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளை வளர்த்த இடம். இசையில் தேறிய பெண்கள் மாடத்தில், இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். முகம் தெரியாத அந்த இசையைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெண்களில் பெரும்புகழ் பெற்றவள் அன்னா மரியா. விட்டுப்போன குழந்தைக்குக் குடும்பப்பெயர் ஏது? வயலினையே பெயரோடு சேர்த்து அழைத்தார்கள். விவால்டி அவளுக்கென்றே பல கான்செர்ட்டோக்கள் எழுதினார். அந்த விரல்கள் இல்லையென்றால் அத்தனை கடினமான வரிகளை எழுதத் துணிந்திருப்பாரா என்பது என் சந்தேகம்.

உன் பேத்தி வாசிப்பது 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான பன்னிரண்டு கான்செர்ட்டோக்களில் ஆறாவது. அதே தொகுப்பில் நான்கு வயலின்களுக்கு எழுதியதை, ஜெர்மனியில் இசைமேதை பாக் நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) மாற்றி எழுதினார். பாக்கே உட்கார்ந்து படித்த ஆள் என்றால் பார்த்துக்கொள்.

கடைசிக் காலம் சரியில்லை. 1740இல் பேரரசர் ஆறாம் சார்லஸின் ஆதரவை நம்பி வியன்னாவுக்குப் புறப்பட்டார். அந்த அக்டோபரிலேயே பேரரசர் காலமானார். அடுத்த ஜூலையில் விவால்டியும், கையில் காசில்லாமல். அப்புறம் கிட்டத்தட்ட இருநூறு வருடம் உலகம் அவரை மறந்தே போனது.

எனக்கு விவால்டியின் வாழ்க்கையைவிட இதற்கடுத்த கதைதான் பெரிது. 1926இல் வட இத்தாலியில் சலேசியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்று, கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டிப் பழைய இசைச்சுவடிகளை விற்க நினைத்தது. மதிப்புப் போடச் சொன்னதில், அவை டூரின் பல்கலைக்கழகத்தின் இசை வரலாற்று ஆசிரியர் அல்பெர்ட்டோ ஜென்டிலியிடம் வந்தன. பிரித்தால் தொகுதி தொகுதியாக விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள்! வாங்க டூரின் தேசிய நூலகத்திடம் பணம் இல்லை. ரொபெர்ட்டோ ஃபோவா என்பவர் வாங்கி, இறந்துபோன தன் சின்ன மகன் மௌரோ பெயரில் நூலகத்துக்குக் கொடுத்தார். இது பாதிதான், மீதி எங்கோ இருக்கிறது என்று ஜென்டிலிக்குப் புரிந்தது. அது ஜெனோவாவில் ஒரு பிரபுவின் வீட்டில் இருந்தது. 1930இல் ஃபிலிப்போ ஜோர்டானோ அதை வாங்கிக் கொடுத்தார், அவரும் இறந்துபோன மகன் ரென்ஸோவின் பெயரில்தான். இன்றும் டூரின் தேசிய நூலகத்தில் அந்தச் சுவடிகளுக்கு இரண்டு பிள்ளைகளின் பெயர்கள்தான்.

1939 செப்டம்பரில் இத்தாலியின் சியெனா நகரில் விவால்டி வாரம் என்ற இசைவிழா நடந்தது. அவருடைய 'குளோரியா' என்ற தேவாலயப் பாடலிசை இரு நூற்றாண்டுத் தூக்கம் கலைந்து அங்கேதான் ஒலித்தது. ஜென்டிலிக்கு அதில் இடமில்லை. அவர் யூதர், முந்தைய வருடத்து இனச்சட்டங்கள் அவருடைய பல்கலைக்கழக வேலையைப் பறித்திருந்தன. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் ஆறவே இல்லை.

பேத்தியிடம், விவால்டியின் பிரபலமான 'நான்கு பருவங்கள்' வயலின் கான்செர்ட்டோக்களோடு நிற்காமல் 'குளோரியா'வின் இரண்டாம் பகுதியையும் கேட்கச் சொல். நீயும் கேட்டுவிட்டு எழுது. தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, ரயில் டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழன்