வாசலில் எத்தனை படி என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். அந்தப் பாலைவனத்தில் உனக்குக் கிடைக்கப்போவது கல்லறைக் கல்தான் (டூம்ஸ்டோன்) என்று படைவீரர்கள் சொன்னதையே, கனிமம் தேடிப் போன எட் ஷீஃபெலின் தன் வெள்ளிச் சுரங்கத்துக்குப் பெயராக வைத்த கதை அருமை. ஆனால், ஆலன் தெருவில் குடும்பத்தோடு ஆற அமர நடக்கலாம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என் அம்மாவால் நடக்க முடியாது. பக்கவாதம் வந்ததிலிருந்து வீல்சேர்தான்.

போன மார்ச்சில் டூசானிலிருந்து அம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். ஆலன் தெருவின் பழைய பகுதியில் கார்கள் கிடையாது, குதிரை வண்டிகள்தான். ஓரங்களில் பலகை நடைபாதை. வீல்சேரின் முன்சக்கரம் சின்னது. பலகைகள் குறுக்காகப் பதிந்திருந்தால் தடதடவென்று ஆடினாலும் உருண்டுவிடும். பலகைகளுக்கு இடையே நெடுக்காக ஒரு சந்து இருந்தால் சக்கரம் அதற்குள் இறங்கி, உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். அமெரிக்க விதிப்படி சந்து அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நீளமான சந்தாக இருந்தால் போகும் திசைக்குக் குறுக்கேதான் இருக்க வேண்டும். ஏன் அப்படி என்பது தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு கடை வாசலில் ஏழு அங்குல உயரத்துக்கு ஒரே ஒரு படி. சாய்தளம் உண்டா என்று கேட்டேன். பழைய கட்டடம், ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். என் மகள் உள்ளே போய் ஒவ்வொரு மணிமாலையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கிக் காட்டினாள். அம்மா வெளியே இருந்தபடி தலையாட்டினார்.

பழமை என்பது முழு விலக்கு இல்லை. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், வரலாற்றுச் சிறப்பையே கெடுத்துவிடும் என்றால்தான் தளர்வு தருகிறது. அப்போதும் வேறு வழி செய்து தர வேண்டும். 1881-லும் 1882-லும் தீயில் எரிந்து, மறுபடி கட்டி எழுந்த ஊர் அது. சாய்தளத்துக்கு, ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்பது கணக்கு. அந்தப் படிக்கு ஏழு அடி. மடக்குச் சாய்தளம் ஒன்றைக் கடைக்குள் வைத்திருந்து, கேட்கும்போது எடுத்துப் போட்டால் எந்த வரலாறு கெட்டுவிடும்?

சரி, கடைக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 1885-இல் நட்ட ரோஜா பந்தலாகப் படர்ந்து நிற்பதைக் கட்டுரை இரண்டு பத்தி வர்ணிக்கிறது. அந்த ரோஜா இருக்கும் இடத்தின் வாசலில் படி உண்டா, தரை எப்படி, கழிப்பறைக் கதவுக்குள் வீல்சேர் நுழையுமா என்று ஒரு வரி சேர்த்திருக்கலாமே. அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் கிளம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.

அடுத்த இதழில் பிஸ்பீ என்று அறிவித்திருக்கிறீர்கள். மலைச்சரிவில் படிக்கட்டுகளாலேயே ஆன ஊர் அது. எழுதப் போகிறவரிடம் தயவுசெய்து படிகளை எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, டூசான்