24 ஆண்டுகளை ஒரே வரியில் முடித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். ஐரோப்பிய அரசிகளைப் பற்றிய உங்கள் வாரத் தொடரில் இம்முறை ஹங்கேரியின் மேரி வந்திருக்கிறார். தமிழில் அவரைப் பற்றி எழுத ஆள் கிடைத்ததே பெரிது. 1526இல் துருக்கியருடனான மொஹாச் போரில் கணவர், ஹங்கேரி மன்னர் லூயி இறந்தது, 20 வயதில் கைம்பெண் ஆனது, மறுமணம் வேண்டாம் என்று நின்றது, கணவரின் தங்க இதயப் பேழையைக் கடைசிவரை அணிந்திருந்தது, குதிரையேறி வேட்டைக்குப் போனது எல்லாம் விரிவாகவே இருக்கின்றன. உடைக்கும் நகைக்கும் தனிப் பத்தி. கடைசியில்தான் அந்த வரி: பிறகு தன் அண்ணனுக்காகச் சில காலம் நெதர்லாந்தைக் கவனித்துக்கொண்டாராம்.

அந்தச் சில காலம் 1531 முதல் 1555 வரை. 24 ஆண்டுகள். கவனித்துக்கொள்ள அது தோட்டம் இல்லை. இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவற்றின் பெரும்பகுதி. அண்ணன், புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்ல்ஸ் பெரும்பாலும் ஸ்பெயினிலோ இத்தாலியிலோ ஜெர்மனியிலோ இருந்தார். எனவே எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மேரி ஆளுநராக என்ன செய்தார் என்பதை அடுத்த இதழில் எழுதுங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. அவருக்கு முன் ஆளுநராக இருந்த அத்தை மார்கரெட் 1530 டிசம்பரில் இறந்தார், அந்தப் பொறுப்பு மேரியிடம் வந்தது. வந்தபோதே கையைக் கட்டித்தான் கொடுத்தார்கள். லூத்தரின் கருத்துகளில் சாய்வு உண்டோ என்ற சந்தேகத்தில், பழைய பணியாளர்களைக் கூட்டிவரக் கூடாது என்றார் சார்ல்ஸ். ஊருக்குக் காட்டிய நியமன ஆணையில் முழு அதிகாரம். கூடவே கொடுத்த ரகசிய அறிவுரைகளில் முக்கியப் பதவி நியமனங்கள் பேரரசரிடமே. அரசுக் குழு, அந்தரங்கக் குழு, நிதிக்குழு என்ற மூன்று ஆலோசனைக் குழுக்கள் அதே 1531இல் அமைந்தன. இதையெல்லாம் விட்டாலும் பரவாயில்லை. பணம் என்ற ஒன்றை மட்டுமாவது எழுதியிருக்கலாம். அவருடைய ஆட்சியின் உண்மையான அல்லல் அதுதான்.

போர் சார்ல்ஸுடையது, செலவு மேரியுடையது. ஆனால் வரி போட அவருக்கு அதிகாரம் கிடையாது, கேட்கத்தான் முடியும். மாகாணச் சபைகளின் பிரதிநிதிகளை அழைத்து, இவ்வளவு தொகை, இந்தக் காரணம் என்று வாசிக்க வேண்டும். வந்தவர்களுக்கோ அங்கேயே சம்மதம் சொல்லும் உரிமை இல்லை. ஊருக்குத் திரும்பி, அனுப்பியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பதில். பிரபான்ட் மாகாணத்தில் மதகுருமார், பிரபுக்கள், அதற்கு மேல் லுவென், பிரஸ்ஸல்ஸ், ஆன்ட்வெர்ப், ஸ்ஹெர்டோகன்போஸ் என்ற நான்கு நகரங்கள். அந்த நகரங்களுக்குள் கைவினைஞர் சங்கங்களும் தலையாட்ட வேண்டும். ஒரு நகரத்தில் ஒரு பிரிவு முரண்டு பிடித்தால் மாகாணமே நின்றுவிடும். பக்கத்து மாகாணம் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்ற நிபந்தனை வேறு.

சம்மதம் கிடைத்தால் பணம் வந்துவிடுமா? பெரிய நகரங்கள் சம்மதத்துக்கு விலையாகத் தங்கள் பங்கில் தள்ளுபடி கேட்கும். ஒப்புக்கொண்ட தொகை ஒன்று, கைக்கு வருவது வேறு. அதுவும் தவணையில். படைவீரனின் சம்பளமோ மாதாமாதம். அந்த இடைவெளியை ஆன்ட்வெர்ப் பணச் சந்தையில் குறுகிய காலக் கடன் வாங்கித்தான் அடைக்க வேண்டும். அடுத்த ஆண்டின் தவணையை இப்போதே ஈடு காட்ட வேண்டும். சம்பளம் தாமதமானால் கூலிப்படை தன் எசமானின் கிராமங்களையே சூறையாடும். சரி, படையைக் கலைத்துவிடலாம் என்றால் பாக்கியைத் தீர்க்காமல் அவர்கள் நகர மாட்டார்கள். நகராமல் இருக்கும் ஒவ்வொரு மாதமும் பாக்கி ஏறும். வைத்திருக்கவும் பணமில்லை, அனுப்பவும் பணமில்லை.

இந்த இடத்தில்தான் ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தின் கென்ட் நகரம் வருகிறது. 1537இல் பிரான்ஸுடனான போருக்காக மேரி கேட்ட மொத்தத் தொகை 12 லட்சம் கில்டர். அதில் ஃபிளாண்டர்ஸின் பங்கு 4 லட்சம். ஃபிளாண்டர்ஸ் சபையின் நான்கு உறுப்புகளில் புரூஜ், ஈப்பர், புரூஜ் நாட்டுப்புறம் மூன்றும் சரி என்றன. கென்ட் மறுத்தது. பணம் கிடையாது, வேண்டுமானால் ஆட்களைத் தருகிறோம் என்றது. மூன்று உறுப்புகள் ஒப்பினால் நான்காவதையும் அது கட்டுப்படுத்தும் என்பது மேரியின் வாதம். எங்கள் சம்மதம் இல்லாமல் எங்களிடம் வரி வாங்க முடியாது என்பது கென்ட்டின் வாதம். இரண்டு பக்கமும் பழைய சாசனங்களை எடுத்து நீட்டின. 1539இல் அது கலகமாக வெடித்தது. 1540 பிப்ரவரியில் சார்ல்ஸ் பிரான்ஸ் வழியாகப் படையோடு வந்து, தான் பிறந்த அந்த ஊரின் உரிமைகளைப் பறித்தார். நகரத்தார் சிலரைக் கழுத்தில் தூக்குக்கயிற்றோடு மன்னிப்புக் கேட்க வைத்தார். கென்ட்காரர்களுக்குக் கயிறு சுமப்போர் என்ற பட்டப்பெயர் இன்றும் உண்டு. இந்தக் கதையில் உங்கள் தொடருக்குத் தேவையான பரபரப்பும் இருக்கிறதே ஐயா, ஏன் விட்டீர்கள்?

மேரி அதோடு நிற்கவில்லை. 1542 கோடையில் கெல்டர்லாந்திலிருந்து அதன் தளபதி மார்ட்டன் வான் ரோஸ்ஸம் படையோடு பிரபான்டுக்குள் புகுந்து ஆன்ட்வெர்ப் வாசல்வரை வந்தார். பழைய முறையில் கெஞ்சிக்கொண்டிருக்க நேரமில்லை. நிலம், வீடு ஆகியவற்றின் வருமானத்திலும் வணிக லாபத்திலும் பத்தில் ஒரு பங்கு, ஏற்றுமதிச் சரக்கில் நூற்றில் ஒரு பங்கு என்ற புதிய வரிகள் சபைகளின் முன் வைக்கப்பட்டன. வணிகர்களின் லாபக் கணக்கை யார் பார்ப்பது? அந்த இடத்தில் திட்டம் இடறியது. எதிர்பார்த்த அளவு வரவில்லை. நிலைத்தது வேறொன்று. மாகாணங்கள் தாங்களே வரி விதித்து, தாங்களே வசூலித்து, அந்த வருமானத்தை ஈடாக வைத்து ஆண்டுதோறும் வட்டி தரும் ஆண்டுத்தொகைப் பத்திரங்களை விற்றன. ஹாலந்து மாகாணத்தில், அசலைத் திருப்பிக் கொடுத்து மீட்கத்தக்க பத்திரத்துக்கு 16இல் ஒரு பங்கு, அதாவது 6.25% வட்டி. பேரரசரின் வாக்கை நம்பாத வியாபாரியும் மாகாணத்தின் வாக்கை நம்பினார். சில பத்தாண்டுகள் கழித்து ஸ்பெயினுக்கு எதிராக எழுந்த ஹாலந்துக்குக் கடன் திரட்டும் இந்தப் பழக்கம் கைகொடுத்தது. அரசக் குடும்பமே போட்டுக் கொடுத்த பாதை அது. இதைவிடச் சுவையான முரணை வேட்டைக் குதிரையில் தேட வேண்டுமா?

ஓர் ஆணைப் பற்றி என்றால் நீங்கள் இப்படி எழுதமாட்டீர்கள். சார்ல்ஸுக்குப் போர்கள், உடன்படிக்கைகள், பேரரசு; தங்கைக்குப் பேழை, கண்ணீர், கவுன். கேத்தரின் டி மெடிச்சி என்றால் விஷம், மரி அன்டோனெட் என்றால் அவர் சொல்லாத கேக். அரசிகள் எல்லோரும் காதலித்தார்கள், அழுதார்கள், அலங்கரித்துக்கொண்டார்கள். வரவு செலவை மட்டும் ஏதோ பூதம் வந்து பார்த்துவிட்டுப் போனது போலிருக்கிறது. மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு.

அவரைப் புகழ்ந்து எழுதச் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு மீண்டும் ஞானஸ்நானம் பெறும் பிரிவினரான மறுஞானஸ்நானக்காரர்கள் மனம் திரும்பினாலும் மரணமே என்ற 1535ஆம் ஆண்டு ஆணை அவருடைய ஆட்சியில்தான் வந்தது. மனம் திரும்பிய ஆணுக்கு வாள், பெண்ணுக்கு உயிரோடு குழி. அதையும் எழுதுங்கள். குடும்பக் கதைதான் வேண்டுமென்றால் அதற்கும் குறையில்லை. அக்கா மகள் கிறிஸ்டினாவை 11 வயதில், 38 வயது மிலான் பிரபுவுக்கு மணமுடிக்க 1533இல் சார்ல்ஸ் முடிவெடுத்தபோது, இன்னும் பெண்ணாகாத குழந்தை என்று எதிர்த்து எழுதியவர் மேரி. தடுக்க முடியவில்லை, மணமகளை அனுப்பிவைப்பதை அடுத்த ஆண்டுவரை தள்ளிப்போட்டார். ஓர் ஆளுநரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதற்கு அது ஒரு கணக்கு.

1555இல் சார்ல்ஸ் பதவி துறந்தபோது மேரியும் விலகினார். அப்போது அண்ணனுக்கு எழுதியதில், எந்த நிலையில் இருந்தாலும் ஆணுக்குக் கிடைக்கும் அச்சமும் மரியாதையும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை என்றும், போர்க்காலத்தில் பிறர் செய்த தவறுக்கும் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் காரணம் காட்டினார். உங்கள் கட்டுரையின்படி அவர் ‘களைத்துப்போய் ஓய்வெடுத்தார்’. மூன்றே ஆண்டுகளில் அவரைத் திரும்ப வரச் சொல்லி வற்புறுத்தினார்கள். தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். கிளம்புவதற்குள் 1558 அக்டோபரில் ஸ்பெயினில் சிகாலெஸில் இறந்தார். வெறுமனே கவனித்துக்கொண்டவரை யாரும் இப்படிக் கூப்பிடமாட்டார்கள்.

ஆகவே தாழ்மையுடன் மீண்டும் கேட்கிறோம்: அந்த 24 ஆண்டுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடம் போதாது என்றால் நகைப் பத்தியை எடுத்துவிடலாம். 1537ஆம் ஆண்டுக் கோரிக்கையும் 1542ஆம் ஆண்டு வரிகளும் கட்டாயம் வேண்டும். அடுத்த வாரம் பர்மாவின் மார்கரெட் என்று அறிவித்திருக்கிறீர்கள். அவரும் 1559 முதல் 1567 வரை அதே நாட்டின் ஆளுநர், அவருக்கும் அதே காலிப் பெட்டி. தயவுசெய்து உதட்டின் மேலிருந்த மீசையில் தொடங்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொடரை விடாமல் படிக்கும் வாசகர்கள் சிலர்