ஆலோசனை மையத்தில் எனக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மூன்று ஆண்டுகளாக வாரம் ஒரு நாள், உதவித்தொகை, கடன் போன்ற சிக்கல்களில் மக்களுக்கு வழிகாட்டும் நமது ஆலோசனை மையத்தில் தன்னார்வலனாகப் பணியாற்றி, இம்மாதத்துடன் விடைபெறும் நான், அங்கே என்னைப் பழக்கி எடுத்தவர்களுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் நன்றி மேற்பார்வையாளருக்கு உரியது. நாங்கள் எழுதும் ஒவ்வொரு சந்திப்புக் குறிப்பையும் அன்று மாலைக்குள் படித்துவிடும் அவர்தாம், நான் சேர்ந்த புதிதில் செய்த பெரும்பிழையைக் கண்டுபிடித்தார். உதவித்தொகை மறுக்கப்பட்ட ஒரு மூதாட்டியின் குறையை ஒரு மணி நேரம் கேட்டு (அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன்) இரண்டு பக்கம் எழுதிய நான், மறுப்புக் கடிதத்தின் தேதியை மட்டும் குறிக்காமல் விட்டிருந்தேன். மேல்முறையீட்டுக் கெடு அந்தத் தேதியை வைத்தே கணக்கிடப்படும் என்பதால் அவரே மூதாட்டியைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தபோது, இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. மனு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. மேற்பார்வையாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

கடன் பிரிவில் உடன் அமர்ந்த மூத்த தன்னார்வலர்களுக்கும் கடன்பட்டுள்ளேன். பை நிறையப் பிரிக்காத உறைகளுடன் வருபவரிடம் "ஏன் பிரிக்கவில்லை?" என்று கேட்காமல், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் அடுக்கும் பொறுமை அவர்களுடையது. ஓயாமல் நெருக்குவது கடன் அட்டை நிறுவனமே ஆனாலும், தவறினால் வீட்டையும் விளக்கையும் இழக்கச் செய்யும் வாடகைக்கும் மின்கட்டணத்துக்குமே முன்னுரிமை என்பதையும் அவர்களே விளக்கினார்கள். இது இன்று தோன்றிய சிக்கல் அன்று: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் போர் அறிவித்த மறுநாள், 1939 செப்டம்பர் 4 அன்று, பிரிட்டனில் 200 ஆலோசனை நிலையங்கள் தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கப்பட்டபோதும், ஆண்கள் படைக்குச் சென்றதால் வருமானம் குறைந்த குடும்பங்களின் கடன் விரைவிலேயே முக்கியமான சிக்கலாயிற்று.

"உங்கள் இடத்தில் நான் இருந்தால்" என்று வாய் எடுத்த போதெல்லாம் என்னைத் தடுத்த பயிற்றுநருக்கும் நன்றி. இருக்கும் வழிகளையும் அவற்றின் விளைவுகளையும் சொல்லிவிட்டு முடிவை வந்தவரிடமே விட வேண்டும் என்ற விதி, யோசனை சொல்வதில் ஆசை மிகுந்த எனக்குத் தொடக்கத்தில் இரக்கமற்ற விதியாகவே பட்டது. ஆனால், நான் விரும்பியிருக்கக்கூடிய வழியை விட்டு வேறொன்றைத் தேர்ந்தவர்கள் பலர், தம் வீட்டு நிலையை என்னைவிட நன்கு அறிந்தே தேர்ந்தார்கள் என்பதைப் பின்னர் கண்டேன்.

மொழிபெயர்ப்பாளர்களை மறக்க இயலாது. அவர்கள் இல்லாதிருந்தால், தந்தையின் கடனைப் பள்ளிப் பிள்ளை எடுத்துச் சொல்லும்படி நேர்ந்திருக்கும்.

எனக்குரிய வாரப் பணியை ஏற்க முன்வந்துள்ள புதியவருக்கும் நன்றி. முடிவுறாத நான்கு கோப்புகளின் கெடு தேதிகளையும் அட்டையின் மேலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
விடைபெறும் தன்னார்வலன்